பினாங்குக்கு வராத கப்பல்

அந்த அம்மாள் என்னைத் தேடி வந்தது வீட்டுக்காக இல்லை, பென்ஷனுக்காக.

1987 கார்த்திகை. முதுநகரில் நான்கு நாளாக அடைமழை. உப்பனாறு கலங்கி நிறைந்து ஓடிற்று. லாஞ்சிகள் எல்லாம் கட்டிக் கிடந்தன. சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி, நனைந்த புடவையோடு வந்து திண்ணையில் நின்றார். நாற்பத்தேழு வயது. புருஷனுக்குக் கீழவீதியில் பூ வியாபாரம். இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்து, ஈரம் படாமல் மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"எங்கப்பா நேதாஜிகூட சப்மரீன்ல போனவருங்க ஐயா. தியாகி பென்ஷன் எனக்கு வருங்களா?"

உறைக்குள் ஒரே ஒரு கடிதம். 1941 ஆவணியில் பினாங்கிலிருந்து எழுதியது. குழந்தைக்குப் பல் முளைத்ததா, அண்ணன் செலவுக்குக் கொடுக்கிறாரா, தீபாவளிக்குள் பணம் அனுப்புகிறேன். அவ்வளவுதான். நேதாஜியும் இல்லை, சப்மரீனும் இல்லை. அந்தக் கடிதம் எழுதிய நான்காம் மாதம், டிசம்பர் 19-இல், பினாங்கு ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது. அதோடு தபால் நின்றது. தீபாவளிப் பணமும் வரவில்லை.

மத்திய அரசின் தியாகி பென்ஷன் மனைவிக்கு உண்டு, கல்யாணமாகாத மகளுக்கு உண்டு. கல்யாணமான மகளுக்குக் கிடையாது. அதைச் சொன்னேன். எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருந்தார். மழை விடட்டும் என்று இருந்திருக்கலாம். பேச்சுக்குக் கேட்டு வைத்தேன்: "அப்பாவுக்குன்னு சொத்து ஏதாவது உண்டா அம்மா?"

"இங்கதாங்க, முதுநகர்ல ஒரு வீடு. பெரியப்பா மக்கள் இருக்காங்க. எங்களுக்கு அதுல ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க."

வழக்கு அங்கேதான் பிறந்தது.

வக்காலத்தில் கையெழுத்து வாங்கும்போதே முதல் தகராறு. குமாஸ்தா வழக்கம்போல, 'காலஞ்சென்ற இன்னாரின் மகள்' என்று எழுதி நீட்டினார். அம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த 'காலஞ்சென்ற'வை அடிச்சிடுங்க. எங்கம்மா தாலியோட போனவங்க."

குமாஸ்தா என்னைப் பார்த்தார். அப்பா இறந்தால்தான் மகளுக்குப் பங்கு. உயிரோடு இருக்கிறவரின் சொத்தை மகள் எப்படிக் கேட்பது? அரை மணி நேரம் விளக்கியும் அவர் அசையவில்லை. "நேதாஜியே சாகலேன்னு எத்தனை பேர் சொல்றாங்க. எங்கப்பாவை மட்டும் ஏன் சாகடிக்கிறீங்க?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 1945 ஆகஸ்ட் 18-இல் தைபேயில் விமானம் விழுந்ததா, அதில் நேதாஜி இருந்தாரா என்று அதற்குள் அரசாங்கமே 1956-இல் ஒரு குழுவும் 1970-இல் ஒரு கமிஷனும் போட்டுவிட்டிருந்தது. பிற்பாடு 1999-இல் மூன்றாவதாகவும் ஒன்று போட்டார்கள். கடைசியில் அந்தச் சொல்லை அடித்தோம். பிராதில் மட்டும், 'ஏழு ஆண்டுகளுக்கு மேலாகத் தகவல் ஏதும் இல்லாததால் சட்டப்படி இறந்தவராகக் கருதப்படவேண்டியவர்' என்று சுற்றி வளைத்து எழுதினேன். அது அவருக்குப் புரியவில்லை என்பதால் ஒப்புக்கொண்டார்.

குடும்பக் கதை இது. தாத்தா 1936-இல் காலமாகிவிட்டார். இரண்டு பிள்ளைகள். மூத்தவர் முதுநகரிலேயே மளிகை. இளையவர், நம் கட்சிக்காரரின் அப்பா, 1941 ஆரம்பத்தில் நாகப்பட்டினம் போய் ரஜூலா கப்பல் ஏறினார். பினாங்கில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதப் போனவர். அப்போது மகள் தொட்டிலில். போர் முடிந்து 1946-இல் மலேயாவிலிருந்து திரும்பிய யாரோ ஒருவர் முதுநகரில் இறங்கி, "உன் தம்பி நேதாஜி படையில் சேர்ந்துட்டான், துறைமுகத்துல ஜெர்மன் சப்மரீன்காரனோட திரிஞ்சுக்கிட்டிருந்தான்" என்று மூத்தவரிடம் சொல்லிவிட்டுத் தன் ஊருக்குப் போய்விட்டார். அவர் பேர்கூட யாருக்கும் ஞாபகமில்லை. தாயார் 1952-இல் இறந்தார். மகளைத் தாய்மாமன் சிதம்பரத்துக்கு அழைத்துக்கொண்டு போய் வளர்த்துக் கட்டிக்கொடுத்தார்.

அந்த யாரோ சொன்னது முழுப் பொய்யாக இருக்கவேண்டியதில்லை. 1943 நடுவிலிருந்து பினாங்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் உண்மையிலேயே வந்து நின்றன. ஸ்வெட்டன்ஹாம் துறையில் கட்டி, பழுது பார்த்து, எண்ணெயும் சாப்பாடும் ஏற்றிக்கொண்டு இந்துமாக்கடலில் சரக்குக் கப்பல் வேட்டைக்குப் போகும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த தமிழர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். 1943 ஜூலை 4-இல் சிங்கப்பூர் காத்தே அரங்கில் நேதாஜி இயக்கத் தலைமையை ஏற்றபின், மலேயாத் தமிழர்கள் தோட்டத்தை விட்டும் கடையை விட்டும் படையில் சேர்ந்ததும் உண்மை. இந்த இரண்டையும் ஒரு வாக்கியத்தில் கேட்ட வீட்டில், நாற்பது வருஷத்தில் கதை தானாக வளர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் அதற்கு உரமும் இருந்தது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த கப்பலின் பேர், துணிச்சலான தில்லாலங்கடிக்கு இன்றைக்கும் அடைமொழி. 'எம்டன்' என்று பேசிப் பழகிய கடற்கரையில் ஜெர்மன்காரன் கப்பல் என்றால் எதையும் நம்புவார்கள்.

எதிர்வழக்குரை வந்தபோதுதான் எனக்கு முதுகு நிமிர்ந்தது. பெரியப்பாவின் இரண்டு மகன்கள் பிரதிவாதிகள். சித்தப்பா காணாமல் போகவில்லை, செத்துவிட்டார் என்பது அவர்கள் கட்சி. எப்போது, எப்படி? நேதாஜியை ஏற்றிவந்த யு-180 என்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலில் போனபோது, 1944 ஆகஸ்டில் அது மூழ்கி மாண்டார். ஆதாரம், ஒரு பழைய பத்திரிகைக் கட்டுரையின் நறுக்கு.

இதில் தேதிதான் விஷயம். வாசகர்கள் இந்த ஒரு பத்தியைப் பொறுத்துக்கொள்ளவேண்டும். பிரியாத இந்துக் குடும்பத்தில் ஒருவர் 1944-இல் இறந்தால், 1937-ஆம் வருஷத்து இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டப்படி அவர் பங்கு விதவைக்கு ஆயுள் அனுபவமாக வரும். அவளுக்குப்பின் குடும்பத்து ஆண்களுக்கே திரும்பிவிடும். விதவை 1956-ஐத் தாண்டி உயிரோடு இருந்திருந்தால் அந்த ஆயுள் அனுபவம் முழு உரிமையாகியிருக்கும், மகளுக்கும் வந்திருக்கும். இங்கே தாயார் 1952-இலேயே போய்விட்டார். ஆக, அப்பா 1944-இல் இறந்தவர் என்றால் மகளுக்குச் சல்லிக்காசு கிடையாது. அப்பா 1956 ஜூன் 17-க்குப் பிறகு, அதாவது இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தபின் இறந்தவர் என்றால், ஆறாம் பிரிவின் காப்புரையால் அவருடைய பாதி வீடு முழுசாக மகளுக்கு. ஒரே மனிதர், ஒரே வீடு. நடுவில் ஒரு தேதி. (1989-இல் தமிழ்நாடு அரசு மகள்களையும் பங்காளியாக்கித் திருத்தம் கொண்டுவந்தபோது அம்மாளுக்குத் தந்தி அடிக்கலாமா என்று நினைத்தேன். அதிலும் முன்பே கல்யாணமான மகள்களுக்கு இடமில்லை. பென்ஷன் போலவே.)

2024 வரை நடப்பிலிருந்த சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவை எல்லோரும் தப்பாகவே ஞாபகம் வைத்திருந்தார்கள். 'ஏழு வருஷம் ஆள் வரவில்லை என்றால், ஏழாம் வருஷக் கடைசியில் செத்ததாக அர்த்தம்' என்று வக்கீல்களே வாதாடுவார்கள். பிரிவு அப்படிச் சொல்லவில்லை. ஏழு வருஷம் தகவல் இல்லாதவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்கவேண்டும் என்றது; அதற்குமேல் ஒன்றும் இல்லை. எந்த நாளில் செத்தார் என்பதற்குச் சட்டத்தில் ஊகமே கிடையாது. லால்சந்த் மார்வாடி வழக்கில் பிரிவி கவுன்சில் இதைத் தெளிவாகச் சொல்லி, 1926 ஏ.ஐ.ஆரில் அச்சாகியும் இருக்கிறது. பிற்பாடு 2004-இல், ஆயுள் காப்பீட்டுக் கழகம் எதிர் அனுராதா வழக்கில் உச்ச நீதிமன்றமும், அந்தக் கேள்வி கோர்ட்டில் எழும் நாளில் ஆள் இறந்திருந்ததாகக் கொள்ளலாம், முந்தைய தேதி வேண்டுமென்றால் அதைச் சொல்பவர் நிரூபிக்கட்டும் என்ற வழியிலேயே போனது.

பிரதிவாதிகள் பேசாமல், 'சித்தப்பா எங்கே என்று தெரியாது' என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் திண்டாடியிருப்பேன். ஒரு தேதியைச் சொன்னதால் அதை நிரூபிக்கும் சுமை அவர்கள் தலைக்குப் போனது. ஆனாலும் கட்டுரை நறுக்கு அச்சில் இருந்தது. நேதாஜி பெயர் இருந்தது. நீதிபதிக்கும் நேதாஜிமேல் பக்தி உண்டு என்று பாரில் பேச்சு. யு-180 என்ற கப்பலின் முழுச் சரித்திரத்தையும் நானே தெரிந்துகொண்டாகவேண்டும்.

அண்ணாமலை நகரில் சரித்திரப் பேராசிரியர் ஒருவர் எனக்கு இன்னொரு வழக்கில் பழக்கம். அவரைப் பிடித்தேன். மூன்று சனிக்கிழமை சிதம்பரம் போய்ப் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து, ஜெர்மன் கடற்படை ஆவணங்களை வைத்து எழுதிய தடித்த ஆங்கிலப் புத்தகங்களிலிருந்து குறிப்பெடுத்தேன். நில வழக்கும் ஜீவனாம்சமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வேறு உலகம்.

யு-180 ஒரு விசித்திரப் பிறவி. வேகம் வேண்டும் என்று, விசைப்படகுகளுக்குச் செய்த ஆறு டீசல் என்ஜின்களை உள்ளே அடைத்துக் கட்டினார்கள். வேகம் வந்தது, கூடவே தாங்கமுடியாத சூடும், தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும் புகையும் வந்தன. அந்த வகையில் இரண்டே கப்பல் கட்டி நிறுத்திவிட்டார்கள். இன்னொன்று யு-195. 1943 பிப்ரவரி 9-இல் கீல் துறைமுகத்திலிருந்து யு-180 புறப்பட்டபோது தலைவன் வெர்னர் முசன்பெர்க். பயணிகள் இரண்டு பேர்: சுபாஷ் சந்திர போஸ், அவருடைய உதவியாளர் ஆபித் ஹசன். மூன்றாவது இந்தியர் கிடையாது. போகிற வழியில் ஏப்ரல் 18-இல் தென்னாப்பிரிக்கக் கடலில் கார்பிஸ் என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை மூழ்கடித்தது. ஏப்ரல் கடைசியில் மடகாஸ்கர் பக்கம் ஜப்பானின் ஐ-29 நீர்மூழ்கியைச் சந்தித்தது. கடல் கொந்தளித்ததால் இரண்டு நாள் அக்கம்பக்கமாகவே மிதந்துகொண்டிருந்து, 28-ஆம் தேதி ரப்பர் படகில் கயிறு பிடித்துத்தான் போஸும் ஹசனும் மாறினார்கள். இரண்டு ஜப்பானியக் கடற்படை அதிகாரிகள் இந்தப் பக்கம் ஏறினார்கள். தங்கக் கட்டிகளும் ஏறின. ஐ-29 போஸைச் சுமத்ரா முனையிலுள்ள சபாங்கில் கொண்டு விட்டது. யு-180 வந்த வழியே திரும்பி, ஜூன் 3-இல் போரிஸ் என்ற கிரேக்கக் கப்பலையும் மூழ்கடித்துவிட்டு, ஜூலை ஆரம்பத்தில் பிரான்சின் போர்தோ துறைமுகம் போய்ச் சேர்ந்தது.

இந்த வரியில் பென்சிலால் இரண்டு கோடு போட்டேன். வந்த வழியே திரும்பிவிட்டது. பினாங்குக்கு அது வரவேயில்லை.

அதன்பின் ஒரு வருஷம் போர்தோவிலேயே கிடந்தது. ஆறு என்ஜின்களைக் கழற்றிவிட்டு இரண்டு சாதாரண என்ஜின் வைத்தார்கள். டார்ப்பிடோ குழாய்களை எடுத்துவிட்டுச் சரக்குக் கப்பலாக்கினார்கள். நேசப் படைகள் நெருங்கவும், 1944 ஆகஸ்ட் 20-இல் ரோல்ஃப் ரீசன் என்ற புதுத் தலைவனோடு கிழக்கே அனுப்பினார்கள். அதே நாள்களில் அங்கிருந்தே கிளம்பிய யு-195 டிசம்பரில் படேவியா போய்ச் சேர்ந்தது. யு-180-இலிருந்து செய்தி எதுவும் இல்லை. ஆகஸ்ட் 23-இலிருந்து பிஸ்கே விரிகுடாவில் காணவில்லை என்று கணக்கு. உள்ளே இருந்த 56 பேரில் ஒருவரும் தப்பவில்லை. நான் படித்த காலத்தில் கண்ணிவெடியில் சிக்கியது என்று போட்டிருந்தார்கள். பிறகு வந்த ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. கடலடியிலேயே டீசல் என்ஜின் ஓடுவதற்காகக் காற்றை இழுக்கப் பொருத்திய மூச்சுக்குழாயில் கோளாறு ஏற்பட்டிருக்கலாம் என்கிறார்கள்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். 56 பேர் ஏறிய கப்பல். எங்கே, எந்த நேரத்தில், எதனால் என்று பார்த்தவர் இல்லை. தகவல் வராததால் ஒரு தேதியைப் போட்டு மூடியிருக்கிறார்கள். அந்தத் தேதியை எடுத்துத்தான் முதுநகர் மளிகைக்கடைக்காரரின் மகன் தன் சித்தப்பாவுக்கு ஒட்டியிருக்கிறார்.

அடுத்த வாய்தாவுக்கு முன்னால் அம்மாளை வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் கோர்ட்டில் திடீரென்று கேட்கும்படி விடுவது நியாயமில்லை. நேதாஜிகூட சப்மரீனில் போனவர் ஆபித் ஹசன் ஒருவர்தான் என்றபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்ப எங்கப்பா போகலேன்னு நீங்களே கோர்ட்ல சொல்லப்போறீங்களா?"

"அந்தக் கப்பல்ல போகலேன்னு சொல்லப்போறேன் அம்மா. அதைச் சொன்னாத்தான் வீடு."

"வீடு வேணாங்க" என்று எழுந்து போய்விட்டார். பத்து நாள் கழித்து மருமகன் வந்து, "அத்தை சரின்னுட்டாங்க, நீங்க நடத்துங்க" என்றான். யார் என்ன சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கடன் இருந்தது என்று பிற்பாடு தெரிந்தது.

முதல் பிரதிவாதி, பெரியப்பாவின் மூத்த மகன், கூண்டில் ஏறினார். ஐம்பத்தைந்து வயது, வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். தான் சொன்னதை நம்பித்தான் சொன்னார்.

"உங்க சித்தப்பா போன கப்பல் எது?"

"யு நூத்தி எண்பது."

"யார் சொன்னது?"

"எங்கப்பா சொல்லிக் கேள்வி."

"நம்பரோட சொன்னாரா?"

"நம்பர்... புஸ்தகத்துல பார்த்தது."

"அந்தப் புஸ்தகம் எப்ப வந்தது?"

"எண்பத்திநாலு, எண்பத்தஞ்சு இருக்கும்."

"உங்கப்பா காலமானது?"

"எழுபத்திநாலு."

"கப்பல் மூழ்கின தேதி?"

"அதுவும் புஸ்தகத்துலதான்."

"சித்தப்பா எந்த ஊர்ல ஏறினார்?"

"பினாங்குல."

"அந்தக் கப்பல் பினாங்குக்கு வந்துச்சா?"

"வந்திருக்கும்."

நீதிபதி டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி, 'வந்திருக்கும்' என்றே போடச் சொன்னார்.

"சித்தப்பாவுக்குக் கருமாதி செஞ்சீங்களா?"

"இல்லை."

"மாளய அமாவாசைக்குப் பேர் சொல்லிப் படைச்சது உண்டா?"

"இல்லை."

"உங்க சித்திக்குத் தாலி எடுத்தாங்களா?"

அவர் பதில் சொல்லாமல் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாளைப் பார்த்தார். பிறகு, "எடுக்கலை" என்றார்.

எதிர்த்தரப்பு வக்கீல் என்னைவிடப் பதினைந்து வருஷம் சீனியர், லேசுப்பட்டவர் இல்லை. வாதத்தின்போது சாமர்த்தியமாக நழுவினார். யு-180 இல்லாவிட்டால் வேறொன்று. இந்துமாக்கடலில் மூழ்கிய ஜெர்மன் நீர்மூழ்கிகள் எத்தனையோ. அதே 1944 ஆகஸ்டிலேயே 12-ஆம் தேதி யு-198 மூழ்கவில்லையா என்று கேட்டார். அவரும் படித்துவிட்டு வந்திருந்தார்! யு-198 விஷயம் எனக்கும் தெரியும். செஷல்ஸ் தீவுகள் பக்கம் அதைத் தொலைத்த கப்பல்களில் நம்முடைய இந்தியக் கடற்படையின் கோதாவரியும் ஒன்று. 66 பேர் போனார்கள். ஆனால் அதுவும் பிரான்சிலிருந்து கிளம்பி வந்து, பினாங்கைப் பார்க்காமலேயே முடிந்த கப்பல். நேதாஜியை ஏற்றிய ஐ-29-ஆ? அது ஜப்பான் கப்பல். பிலிப்பைன்ஸ் வடக்கே பாலிந்தாங் கால்வாயில் ஜூலை 26-இலேயே அமெரிக்க நீர்மூழ்கி சாஃபிஷ் அடித்து மூழ்கிவிட்டது. எதிர்வழக்குரையில் எழுதியது ஜெர்மன் கப்பல், ஆகஸ்ட். எழுதாத வழக்கை வாதத்தில் கொண்டுவர முடியாது என்று நான் சொல்ல, நீதிபதி தலையசைத்தார்.

புத்தகங்களை எப்படிச் சாட்சியமாக்கினீர்கள் என்று ஜூனியர்கள் கேட்பார்கள். அதே சாட்சியச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின் வாலில், பொது வரலாறு, இலக்கியம், அறிவியல் போன்ற விஷயங்களில் கோர்ட்டு தகுந்த நூல்களின் துணையை நாடலாம் என்று இருந்தது. ஆசிரியரைக் கூண்டில் ஏற்றவேண்டியதில்லை. அந்த வாலை என் நாற்பது வருஷத் தொழிலில் நான் பிடித்தது அந்த ஒருமுறைதான்.

இத்தனை கப்பலும் 1944-ஐ மூழ்கடிக்கத்தான் உதவும். அப்பா 1956-ஐத் தாண்டி இருந்தார் என்று காட்ட அது போதாது. அதற்கு உதவியது கடல் இல்லை, சப் ரிஜிஸ்தர் ஆபீஸ்.

வில்லங்கம் போட்டுப் பார்த்தபோது 1958-இல் ஒரு பதிவு அகப்பட்டது. பெரியப்பா இந்த வீட்டை ஈடு காட்டிக் கடன் வாங்கியிருந்தார். நகல் வாங்கினேன். பழைய பத்திர எழுத்தர் கை; மேலெழுத்து நடுங்காமல் ஓடுகிற நீல மை. நான்காம் பாராவில், வீட்டில் தனக்கும் தன் தம்பிக்கும் சமபாகம் என்றும், தம்பி தற்சமயம் பினாங்கில் ஜீவியவந்தராய் இருந்து வருகிறபடியால் குடும்ப மேனேஜர் என்ற முறையில் தானே எழுதிக்கொடுப்பதாகவும் இருந்தது. கீழே அவருடைய கையெழுத்து, பெருவிரல் ரேகை. 'ஜீவியவந்தராய்' என்ற அந்த ஒரு சொல்லை நான் எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை.

மகனிடம் காட்டி, "உங்கப்பா கையெழுத்துதானே?" என்றேன். "ஆமாம்." அதோடு உட்கார்ந்துவிட்டேன். அதற்குமேல் ஒரு கேள்வி கேட்டால்கூடக் காரியம் கெடும்.

இன்றைக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1958-இல் தம்பி உயிரோடு இருந்தது அண்ணனுக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. கடன் கொடுப்பவர், 'இன்னொரு பங்காளி என்ன ஆனான்' என்று கேட்டிருப்பார். செத்தான் என்றால் சான்று கேட்பார். காணவில்லை என்றால் கடன் கிடைக்காது. பத்திர எழுத்தர் வழி சொல்லியிருப்பார். அந்தச் சொல் எழுதப்பட்ட காரணம் அதுவாகத்தான் இருக்கும். கதையில் செத்தவரைக் கடனுக்காகப் பிழைக்க வைத்தார்கள். ஆனால் தன் உரிமைக்கு மாறாக ஒருவர் எழுதிவைத்தது, அவர்வழி உரிமை கேட்கும் மகன்களையும் கட்டும் என்பது சட்டம். என் வேலை பத்திரத்தைக் காட்டுவது. காட்டினேன்.

1991-இல் தீர்ப்பு. 1944-இல் இறந்தார் என்பது நிரூபிக்கப்படவில்லை. குறிப்பிட்ட கப்பல் பினாங்குக்கு வந்ததாகவே ஆதாரமில்லை. 1958-இல் உயிரோடு இருந்ததாகப் பிரதிவாதிகளின் தகப்பனாரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதன்பின் தகவல் இல்லை. வழக்குத் தாக்கலான நாளில் அவர் இறந்திருந்ததாகக் கொள்ளவேண்டும். எப்படிப் பார்த்தாலும் இறப்பு 1956-க்குப் பின். எதிர் அனுபவ பாத்தியதை வாதம் ஒரே பத்தியில் தள்ளுபடி; பங்காளி தனியாகக் குடியிருந்தாலே மற்றவன் உரிமை போய்விடாது. வாதிக்குப் பாதி என்று முதல்நிலைத் தீர்ப்பாணை.

அப்பீலுக்கு முப்பது நாள். இருபத்தெட்டாம் நாள் மூத்த மகனே என் திண்ணைக்கு வந்தார். வீட்டை இடித்துப் பிரிக்கவேண்டாம், அவர் பங்குக்கு ரொக்கமாகத் தந்துவிடுகிறேன் என்றார். போகும்போது, "எங்க சித்தப்பா நேதாஜிகூட போனாருன்னு எங்க பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல சொல்லிக்கிட்டிருந்தாங்க, சார்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பணம் கைமாறிய அன்று இரண்டு குடும்பமும் என் ஆபீசில் இருந்தன. குமாஸ்தா ரசீது எழுத உட்கார்ந்தார். அம்மாளின் பேர் எழுதி, அப்பா பேருக்கு வரும்போது பேனாவை நிறுத்தி அவரைப் பார்த்தார். நான்கு வருஷமாக அந்தக் கட்டில் எந்தக் காகிதத்திலும் அந்தச் சொல்லை நாங்கள் எழுதியதில்லை.

"போட்டுக்குங்க" என்றார் அம்மாள்.

'காலஞ்சென்ற' என்று எழுதினார். அம்மாள் கையெழுத்துப் போட்டார். சாட்சியாக முதல் கையெழுத்துப் போட்டது பெரியப்பா மகன்.